அறைக்குள் தனித்தட்டு: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சிகிச்சையில் உணவும் சக நோயாளியின் துணையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருகிறவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யார் என்று கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் சிறுநீரகவியல் பிரிவு ஒன்றில் வேலை பார்க்கும் டயட்டீஷியன். நடந்த தவறுகளில் முதல் தவறு என்னுடையது. அதைச் சேர்க்காமல் எழுதினால் இதைப் படிப்பவருக்குப் பயனில்லை.

பின்னணி

நோயாளி 62 வயது ஆண். 30 ஆண்டுகள் புகைபிடித்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அடியோடு விட்டுவிட்டார். ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை எடுக்கிறார். அது சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் வகை. பின்னால் இது முக்கியமாகிறது. மனைவி, மகள், மருமகன், ஐந்து வயதுப் பேத்தி எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை, அடுத்த நாளே நின்றும் விட்டது. முதல் முறை தண்ணீர் குறைவாகக் குடித்ததால் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது முறை மனைவி பார்த்துவிட்டு அழைத்து வந்தார். வலியில்லாமல் ரத்தம் வந்து தானாக நின்றுவிடுவதுதான் இந்த நோயின் வழக்கமான முதல் அறிகுறி. நின்றுவிட்டதே என்று பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சிறுநீர்ப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்த்து, கட்டியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்ததில், வேகமாக வளரும் வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. உள்பூச்சுக்குக் கீழே உள்ள படலம் வரை இறங்கியிருந்தது, தசைக்குள் போகவில்லை. புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் தசையைத் தொடாத கட்டத்தில்தான் வருகிறார்கள். ஆனால் இவருக்குத் தட்டையான இன்னொரு வகையும் சேர்ந்து இருந்ததால், திரும்ப வரும் வாய்ப்பும் ஆழமாகப் போகும் வாய்ப்பும் அதிகம். ஐந்து வாரம் கழித்து இரண்டாவது முறையும் சுரண்டி, தசை சுத்தமாக இருப்பதை உறுதிசெய்த பிறகு, பிசிஜி சிகிச்சை என்று முடிவானது.

“சிகரெட்டை விட்டு நாலு வருஷம் ஆச்சே, அப்புறம் எதுக்கு இது?” என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. புகையில் உள்ள நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்புகிறது. அவை சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. விட்ட பிறகு ஆபத்து குறைகிறது, ஆனால் ஒரேயடியாக மறைவதில்லை. இதைச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

பிசிஜி என்பது காசநோய்த் தடுப்பூசியாக நாம் அறிந்த அதே வலுவிழந்த உயிர்க் கிருமிதான். 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்ட முதல் அறிக்கை 1976இல் வந்தது. மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். கிருமியைக் கண்டு திரளும் நம் உடலின் எதிர்ப்புப் படைதான் புற்றுச் செல்களைத் தாக்குகிறது. எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போவது, லேசான காய்ச்சல் எல்லாம் இந்தத் திரளலின் பக்கவிளைவுகள். வாரம் ஒரு முறை என ஆறு முறை. பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முறை. இவரைப் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மூன்று ஆண்டு வரை நீளும். அதாவது, இது தாங்கிக்கொண்டு போக வேண்டிய சிகிச்சை. பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் நாளில் என்ன சொன்னோம்

அன்று அவருக்கு மூன்று பேர் மூன்று விஷயங்கள் சொன்னோம்.

செவிலியர்: “மருந்து ஏற்றுவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்காதீர்கள்.” வயிற்றில் தண்ணீர் நிறைய இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் ஊறி மருந்து நீர்த்துப்போகும், அடக்கவும் முடியாது. சரியான அறிவுரைதான். எத்தனை மணி நேரம் முன்னால் என்பது மட்டும் அதில் இல்லை.

இன்னொருவர்: “உயிருள்ள கிருமி. மருந்து ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிளீச் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டும்.” இதுவும் சரி. கிருமி எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதை யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் நான். சிறுநீர்ப்பையை உறுத்தக்கூடிய உணவுகள் என்று 14 பொருட்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தேன். காபி, தேநீர், மது, சோடா, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, மிளகாய், செயற்கை இனிப்பு என்று போகும் அந்தப் பட்டியல். ஐந்து நிமிடம்கூட அவரோடு உட்காரவில்லை. எடையைக் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மூன்றாவது டோஸுக்குப் பிறகு

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் எரிச்சல் தொடங்கியது. மூன்றாவது டோஸ் முடிந்த ஐந்தாம் நாள் வந்து, “போதும் டாக்டர், இதோட நிறுத்திக்கலாம்” என்றார். இரவில் ஏழு முறை எழுந்திருக்கிறார். எடை 64 கிலோவிலிருந்து 60.5 கிலோவுக்கு வந்திருந்தது. முதல் அறுவைச் சிகிச்சையிலிருந்து கணக்கிட்டால் சுமார் மூன்று மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கும் மேல் இழப்பு. ஆறு மாதத்தில் ஐந்து சதவீதம் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பொதுவான அளவுகோல்.

சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை. மருத்துவர் நான்காவது டோஸை ஒரு வாரம் தள்ளிவைத்தார். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம் என்றார். அந்த ஒரு வாரத்தை என்னிடம் கொடுத்தார்.

மூன்று நாள் குறிப்பேடு

சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் நேரத்தோடு மூன்று நாள் எழுதச் சொன்னேன். சிறுநீரை அளக்க ஒரு அளவுக் குவளை கொடுத்தோம். வழக்கமான படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தையும் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தேன்: “எங்கே, யாரோடு”. ஏன் சேர்த்தேன் என்றால், இரண்டு சந்திப்பிலும் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. அது உறுத்தியது.

குறிப்பேடு திரும்பி வந்தபோது தெரிந்தவை:

ஒரு நாளில் குடித்தது மொத்தம் 900 மி.லி. அளவுதான். ஒவ்வொரு முறையும் கழித்தது 80 முதல் 110 மி.லி. நிறம் அடர்மஞ்சள். போனால் எரிகிறது, அதனால் குடிப்பதைக் குறைக்கிறார். குறைத்ததால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரிகிறது. மருந்து ஏற்றும் நாளிலோ, முந்தின நாள் மாலையிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. “முன்னாடி குடிக்கக் கூடாதுன்னாங்களே” என்றார். வீட்டுக்குப் போன பிறகும் குடிக்கவில்லை. ஆனால் நீர் பிரியும் மாத்திரையை அன்று காலையிலும் தவறாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் அடக்க முடியாமல் அவர் தவித்ததற்கு அது ஒரு காரணம்.

உணவு இன்னும் மோசம். என் தாளில் இருந்த 14 பொருட்களில் 13 பொருட்களை விட்டிருந்தார். அதன் மேல், சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று ஒருவர் சொல்லக் கேட்டுப் பழங்களையும், விலங்குப் பொருள் ஆகாது என்று இன்னொருவர் சொன்னதால் பால், தயிர், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1,100 கலோரி, 35 கிராம் புரதம். மிச்சமிருந்த ஒன்று எலுமிச்சை, அதை மட்டும் விடவில்லை. உடலைக் காரத்தன்மையாக்கும் என்று உறவினர் சொன்னதால் தினம் மூன்று வேளை எலுமிச்சைச் சாறு. அதே உறவினர் வாங்கிக் கொடுத்த பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் சத்து) மாத்திரைகளும் போய்க்கொண்டிருந்தன. மூன்று நாளில் ஒரு முறைதான் மலம் கழித்திருந்தார். இறுகிய மலம் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கடைசிக் கட்டம்தான் என்னை நிறுத்தியது. மூன்று நாளும், எல்லா வேளையும், ஒரே பதில்: “அறையில், தனியாக.”

கேட்டேன். முதலில் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “உயிருள்ள கிருமின்னு சொன்னீங்க மேடம். பேத்திக்கு ஒட்டிக்கிடுச்சுன்னா?” முதல் டோஸ் முடிந்த நாளிலிருந்து தனித் தட்டு, தனிக் குவளை. அறைக் கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டு மனைவி போய்விட வேண்டும். பேத்தியை மூன்று வாரமாகத் தூக்கவில்லை. மனைவி வாசலில் நின்றதற்கும் காரணம் அதுதான். கிட்டே வராதே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பசியின்மைக்கு நான் நோயிலும் மருந்திலும் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே ஆறிப்போகும் தட்டை எடுத்து, தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும் மனிதருக்கு எப்படிப் பசிக்கும்?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அவரைச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பக் கொண்டுவருவது. மருத்துவரும் நானும் மனைவியையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னோம்: கிருமி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அந்த ஆறு மணி நேரக் கழிவறை விதியும் கை கழுவுவதும் போதும். தட்டில் ஒட்டாது, தூக்கினால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. தாம்பத்திய உறவில் மட்டும் ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் ஒரு வாரம் ஆணுறை தேவை. இதை மகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னோம். மனைவி அப்போதுதான் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாவது, என் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சிறுநீர்ப்பையை உறுத்தும் உணவு ஆளுக்கு ஆள் மாறும். எல்லாவற்றையும் நிறுத்தினால் எது உறுத்துகிறது என்பதும் தெரியாது, உடம்பும் இளைக்கும். அதனால் எலுமிச்சை, காபி, மிளகாய்க் காரம் மூன்றை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி, பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது என்று வைத்தோம். மற்ற எல்லாம் அன்றே திரும்ப வந்தன.

சர்க்கரையைப் பற்றி அவர் கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னேன். எல்லாச் செல்லும், நல்ல செல்லும் புற்றுச் செல்லும், குளுக்கோஸை எரிக்கின்றன. நாம் சாப்பாட்டைக் குறைத்தால் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது கட்டி அல்ல, அவருடைய தொடையும் தோளும்தான். இனிப்புப் பானங்களைக் குறைப்பது நல்லது. வாழைப்பழத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, தண்ணீருக்கு நேரம். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதை மருத்துவர் உறுதிசெய்த பிறகு, நாளுக்கு 1.8 முதல் 2 லிட்டர், பகலில் பரவலாக. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைக்க வேண்டும். மருந்து நாளில், நான்கு மணி நேரம் முன்பு வரை வழக்கம்போல் குடிக்கலாம். அப்புறம் நிறுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் முடிந்து மருந்தை வெளியேற்றிய பிறகு, படுக்கும் நேரம் நெருங்கும்வரை மணிக்கு ஒரு குவளை. நீர் பிரியும் மாத்திரையை அந்த ஒரு நாள் மட்டும் சிகிச்சை முடிந்த பிறகு போட மருத்துவர் அனுமதித்தார்.

நான்காவது, புரதம். கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் அவருக்கு நாளுக்குச் சுமார் 72 கிராம். ஒரேயடியாகத் தாவ முடியாது. நாளுக்கு ஆறு சிறு வேளை: இரண்டு முட்டை, இரண்டு குவளை பால் அல்லது தயிர், ஒரு வேளை பருப்பு, ஒரு வேளை மீன். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளை பாலில் ஏறக்குறைய அதே அளவு, வேகவைத்த 100 கிராம் மீனில் 20 கிராமுக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தேன். கணக்குப் போடப் பிடிக்கும் மனிதர். அதை ஆர்வமாக எடுத்துக்கொண்டார். மலச்சிக்கலுக்குக் காய்கறி, தண்ணீர், தினம் இருபது நிமிட நடை, முதல் வாரத்துக்கு மட்டும் மருத்துவர் எழுதிய மலமிளக்கி.

ஐந்தாவது, பீட்டா கரோட்டின் மாத்திரை அன்றே நின்றது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. 30 ஆண்டுகள் புகைத்தவருக்கு அந்த மாத்திரை வேண்டாம். கேரட் சாப்பிடட்டும்.

இந்த உணவுத் திட்டம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அவரிடம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஆறு டோஸையும் முடிக்கும் தெம்பைக் கொடுப்பதுதான் அதன் வேலை. இதை இரண்டு முறை சொன்னேன், மனைவியிடம் தனியாக ஒரு முறையும் சொன்னேன். ஏனென்றால், நோய் திரும்பினால் சமைத்தவர்தான் தன்னைக் குற்றம்சொல்லிக்கொள்வார்.

சக நோயாளி

தண்ணீர், புரதம் எல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை: “இது எப்ப அடங்கும்?” சில நாளில் என்று மருத்துவர் சொன்னார். சில நாள் என்பது இரவு இரண்டு மணிக்குக் கழிவறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பதிலே அல்ல.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சை தொடங்கி, அடுத்தடுத்த சுற்றுகளையும் முடித்துவந்த 67 வயதுக்காரர் ஒருவர் எங்களிடம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார். புதியவர்களோடு பேசத் தயார் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். இருவரிடமும் சம்மதம் வாங்கி, தொலைபேசி எண்களைப் பரிமாறிக் கொடுத்தோம். மருந்து ஏற்றும் நாளின் மாலையில் பேசுவது என்று ஏற்பாடு.

முதல் உரையாடல் நாற்பது நிமிடம் போயிருக்கிறது. பிறகு நோயாளி என்னிடம் சொன்னதிலிருந்து சில:

“முதல் நாள் ராத்திரிதான் மோசம், தம்பி. ரெண்டாம் நாளும் எரியும். மூணாம் நாள் காலையில பாதியாயிடும். காலண்டர்ல மூணு கட்டத்தை அடிச்சு வைங்க. அந்த மூணு நாளைக்கு வேற வேலையே வச்சுக்காதீங்க.”

“கட்டில் பக்கத்துல ஒரு பாட்டில் வச்சுக்கங்க. ராத்திரி பாத்ரூமுக்கு ஓடி விழுந்தவனைத் தெரியும்.”

“வீட்டுக்குப் போற வழியில பேடு வச்சுக்கிட்டுப் போங்க. நான் வச்சேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது நோயாளியின் முகம் லேசானது. உறிஞ்சு பேடு பற்றி எங்கள் செவிலியர் முதல் வாரமே சொல்லியிருந்தார். அப்போது அவர் காதில் வாங்கவில்லை. இன்னொரு ஆண், தன்னைவிட மூத்தவர், “நான் வச்சேன்” என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார்.

பேத்தியைப் பற்றியும் கேட்டிருக்கிறார். “அண்ணே, நிஜமாவே ஒட்டாதா?” என்று. மருத்துவரும் நானும் உட்கார்ந்து விளக்கியும் அந்தச் சந்தேகம் அவருக்குப் போகவில்லை. “என் பேரன் என் மடியிலதான் சாப்பிட்டான். இன்னைக்கு அவனுக்கு ஏழு வயசு” என்று பதில் வந்தது. அன்று இரவு அவர் கூடத்தில் எல்லோரோடும் சாப்பிட்டார். குறிப்பேட்டின் அந்தக் கட்டத்தில் மனைவியின் கையெழுத்து: “எல்லோரும்.”

நான்காவது டோஸ் அடுத்த வாரம் ஏறியது. நிறுத்தலாம் என்ற பேச்சு திரும்ப எழவில்லை. இரவு எழுவது ஏழிலிருந்து ஐந்தானது. பெரிய மாற்றம் இல்லைதான். ஆனால் எத்தனை நாளைக்கு என்று இப்போது தெரியும்.

ஐந்தாவது டோஸ்: நாங்கள் போடாத எல்லைக்கோடு

ஐந்தாவது டோஸ் ஏறிய இரவு பத்து மணிக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. 38.7 டிகிரி செல்சியஸ், அதாவது 101.7 ஃபாரன்ஹீட். எங்கள் அவசர எண் அவரிடம் இருந்தது. அவர் கூப்பிட்டது சக நோயாளியை.

“எனக்கும் வந்துச்சு தம்பி, ஒரு மாத்திரையைப் போட்டுத் தூங்குங்க, காலையில சரியாயிடும்.” நல்ல மனதோடு சொன்னதுதான். அவருக்கு வந்தது நடுக்கமில்லாத 37.8 டிகிரி. அவர் அளவைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் அப்படியே இருக்க, மனைவி பிரிவுக்கு போன் செய்தார். உடனே வரச்சொன்னார்கள். லேசான காய்ச்சல் பிசிஜிக்கு வழக்கமானது. நடுக்கத்தோடு வரும் அதிகக் காய்ச்சல், கிருமி ரத்தத்தில் கலந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போயின. இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்துக் கவனித்தார்கள். பிசிஜி எடுத்துக்கொண்டிருப்பதை மனைவி சேர்க்கை மேசையிலேயே சொன்னது உதவியது. சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பிசிஜி கிருமியையும் கொன்று சிகிச்சையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், எதைக் கொடுப்பது என்பதை சிறுநீரகவியல் மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்தார்கள். கிருமி ரத்தத்தில் கலக்கவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அன்று சக நோயாளி என்னைக் கூப்பிட்டு அழுதார். தப்பு அவருடையது அல்ல. பேசுங்கள் என்று சொன்ன நாங்கள், எதைப் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. அதே வாரம் ஒரு பக்கத்தில் எழுதி இருவருக்கும் கொடுத்தோம். 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது நடுக்கம், அல்லது 38 டிகிரி ஒரு நாளுக்கு மேல் நீடிப்பது. சிறுநீர் அடைத்துக்கொள்வது, ரத்தக்கட்டி வருவது. எந்த மருந்தையும் தொடங்குவது, நிறுத்துவது. இவற்றுக்குச் சக நோயாளியின் பதில் ஒன்றுதான்: “போனை வைங்க, பிரிவுக்குக் கூப்பிடுங்க.” அவர் அந்த வாக்கியத்தை என்னிடம் சொல்லிப் பார்த்தார். பேச்சைத் தொடர வேண்டுமா என்று நோயாளியைக் கேட்டோம். தொடர வேண்டும் என்றார், யோசிக்காமல்.

ஆறாவது டோஸ் காய்ச்சல் முழுதாக நின்று, கூடுதலாக ஒரு வாரம் இடைவெளி விட்டு ஏறியது.

பிறகு நடந்தவை

மூன்றாம் மாதப் பரிசோதனையில் சிறுநீர்ப்பை சுத்தமாக இருந்தது. சிறுநீரில் புற்றுச் செல்களும் இல்லை. இது மருந்தின் பலன். உணவு இதைச் செய்தது என்று எழுத எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆறு டோஸும் உள்ளே போனது என்பதில் மட்டும் உணவுக்கும் பேச்சுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

எடை அப்போது 61.4 கிலோ. இழந்ததெல்லாம் திரும்பவில்லை, சரிவு நின்றது. புரதம் பெரும்பாலான நாட்களில் 60 கிராமைத் தாண்டியது, 72ஐ எட்டியது குறைவு. ஒவ்வொரு முறையும் கழிக்கும் அளவு 180 முதல் 220 மி.லி. ஆனது. இரவில் இரண்டு அல்லது மூன்று முறை.

உணவுச் சோதனையின் முடிவுகளில் எதிர்பாராதவை இருந்தன. எலுமிச்சை தெளிவாக உறுத்தியது. காபி காலையில் ஒரு குவளை வரை தொந்தரவில்லை, இரண்டாவது குவளை அன்று இரவே பேசியது. காரம் மருந்து ஏறிய முதல் இரண்டு நாளில் மட்டும் ஆகவில்லை. தக்காளி, ஆரஞ்சு, தேநீர் எதுவும் ஒன்றும் செய்யவில்லை. என் பட்டியலின் 14 பொருட்களில் அவருக்கு உண்மையில் ஆகாதது ஒன்று. அளவோ நாளோ பார்க்க வேண்டியவை இரண்டு. மற்ற 11 பொருட்களையும் மூன்று வாரம் வீணாக விட்டிருந்தார்.

மூன்றாம் மாதச் சுற்றும் ஆறாம் மாதச் சுற்றும் முடிந்துவிட்டன. ஆறாம் மாதச் சுற்றில் ஒரு முறை 38.6 டிகிரி காய்ச்சல் வந்தது. இருபது நிமிடத்துக்குள் பிரிவுக்கு போன் வந்தது.

இனி மாற்றிச் செய்வது

அச்சிட்ட விலக்குப் பட்டியல் எங்கள் பிரிவில் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நேர அட்டை: மருந்து நாளில் எந்த மணிக்குத் தண்ணீரை நிறுத்துவது, எந்த மணிக்குத் திரும்பத் தொடங்குவது, நீர் மாத்திரை எப்போது. நோயாளியின் சொந்த நேரத்தைப் பேனாவால் எழுதுகிறோம்.

மூன்று நாள் குறிப்பேட்டை முதல் டோஸுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்கியிருந்தால் ஒப்பிட ஒரு அளவு கையில் இருந்திருக்கும், மூன்று வாரம் போயிருக்காது. “எங்கே, யாரோடு” என்ற கட்டம் இப்போது படிவத்திலேயே அச்சாகி வருகிறது.

கிருமியைப் பற்றிச் சொல்லும்போது, எது ஆபத்து என்பதோடு எது ஆபத்தில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். தட்டு, மடி, கட்டில் என்று பெயர் சொல்லியே சொல்ல வேண்டும். ஆணுறை பற்றிய பேச்சும் முதல் நாளிலேயே, தம்பதியரைத் தனியாக வைத்து.

சக நோயாளியாகப் பேச வருபவருக்கு எண்ணைக் கொடுப்பதற்கு முன் எல்லைக்கோட்டைக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் என்று யார் சொன்னாலும் முதலில் எத்தனை டிகிரி என்று கேட்கப் பழக்குகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவரையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம். அவரும் நோயாளிதான், அடுத்தவரின் பயத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பழையது கிளறும்.

இன்னும் சரிசெய்யாத ஒன்று உண்டு. கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு மூன்று வாரம் நடந்துபோன அந்த மனைவிக்குப் பேச யாரும் இல்லை. அவரைப் போன்ற இன்னொரு மனைவியை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். இருவரைக் கேட்டோம், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.